அன்னாள் அக்காவின் கட்டைவிரல்

அன்னாள் அக்கா மனசு வைத்தால் மேற்கே படுத்திருக்கும் மலை முழுசும் எழுந்து, அய்யனார் கோவில் பக்கமாக இறங்கி, ராஜபாளையம் தென்காசி ரோட்டில் இருக்கும் எலும்பு ஆஸ்பத்திரியின் மாடிப்படி ஏறி வந்து, நீலப் பெஞ்சில் குப்புறப் படுத்து, "யக்கா, நடு முதுகு பிடிச்சுக்கிச்சு, செத்த பாருங்க" என்று கெஞ்சும். அக்கா ஒரு அமுக்கு அமுக்குவார். 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பிளவக்கல் அணையில் தண்ணீர் தளும்பும். "எந்திரிச்சு நடங்க பாப்போம்" என்பார் அக்கா. மலை நிமிர்ந்து நடந்து காட்டிவிட்டு, தன் இடத்துக்கே போய்ப் படுத்துக்கொள்ளும். இதில் பொய் ஒன்றும் கிடையாது. மலை இன்னும் டோக்கன் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். காலையில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கோபுரத்தை ஒரு பார்வை பார்ப்பார். சர்ச்சுக்குப் போகிற குடும்பம், அதனால் அது கும்பிடுகிற பார்வை இல்லை. "எம்புட்டுக் காலமா நின்ன மேனிக்கே நிக்குது. அது குதிகால் என்ன பாடுபடும்" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வார். எதைப் பார்த்தாலும் அக்காவுக்கு அதன் மூட்டுதான் கண்ணில் படும். எங்கள் ராஜபாளையத்து நாய் ஓடினால் வெளியூர்க்காரர்கள் நின்று அதன் வெள்ளை நிறத்தைப் பார்ப்பார்கள். அக்கா அதன் பின்னங்கால் இடுப்பில் சேரும் இடத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு சத்தமில்லாம ஓடுது பாரு" என்று பொறாமைப்படுவார்.

உட்காரும்போது "ஆண்டவரே" என்பார். எழும்போது "ஸ்தோத்திரம்" என்பார். நடுவில் ஜெபம் எதுவும் இருக்காது. உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்குள் அடுத்த ஆள் படியேறி வந்துவிடுவார். வருகிற சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவதும் உண்டு. ஒரு கால் 'தட்' என்றும் மறுகால் 'சரக்' என்றும் கேட்டால், தலையைத் தூக்காமலே "முட்டு. நாற்காலிய இழுத்துப் போடு" என்பார். நான் ஒருநாள் வேண்டுமென்றே 'தட், சரக்' என்று ஏறினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "முட்டுவலிக்காரவிய கைப்பிடியப் பிடிச்சு ஏறுவாவ. நீ விசிலடிச்சுக்கிட்டு ஏறுத. வாலே பேச்சிமுத்து."

மாடியில் அக்காவின் பிசியோதெரபி அறை ஒரு நீளமான அறை. இரண்டு பெஞ்ச், சுவரில் மரச் சக்கரம், கூரையிலிருந்து தொங்கும் கயிறு. மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு. நான் அதன் தலையில் ஹெல்மெட்டை மாட்டியிருக்கிறேன். விரலிடுக்கில் டோக்கனைச் சொருகி, வந்தவர்கள் வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். புதிதாக வந்த ஒருவர் அதற்கு முன்னால் நிற்கத் தயங்கிப் பின்னால் போய் நின்றார். அக்கா கோபப்படவில்லை. "இந்த ரூம்ல வலிக்குதுனு சொல்லாதவன் அவன் ஒருத்தன்தான். அவனச் சும்மா விடுலே" என்று மட்டும் சொன்னார்.

காலையிலிருந்து மாலை வரை இங்கே. அப்புறம் பஸ் பிடித்து ஊர் திரும்பி, பக்கவாதம் வந்து படுத்திருப்பவர்கள் வீடுகளுக்குப் போய்க் கை காலை மடக்கி நீட்டிவிட வேண்டும். வீட்டுக்குப் போனால் வில்சன் அண்ணன். அவர் ஆலங்குளத்திலிருந்து சிமெண்ட் லோடு ஏற்றிப் போகிற லாரி டிரைவர், இடுப்பு வலி. "என் வீட்டுக்குள்ள போவயிலயும் செருப்பக் கழத்திட்டு பேஷண்ட்டப் பாக்கத்தான் போறேன்" என்பார் அக்கா. மகள் ஜெமி நாகர்கோவிலில் நர்சிங் முதல் வருஷம். "அவ முடிச்சு வெளிய வார வரைக்கும் இந்தக் கை ஓடணும். பொறவு நின்னா நின்னுட்டுப் போகுது" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பழைய வண்டிக்காரர்கள் இன்ஜினைப் பார்க்கிற அதே பார்வை.

ஒர்க்‌ஷாப்பைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, காமராஜ் அண்ணனின் டூவீலர் ஒர்க்‌ஷாப் பிடித்துக்கொண்டது. ரிப்பேர் பார்த்த வண்டியை ஓட்டிப் பார்க்கிற சாக்கில் அய்யனார் கோவில் ரோட்டில் முன்சக்கரத்தைத் தூக்கினேன். வண்டிக்குக் கீறல் இல்லை. எனக்கு வலது முழங்கை உடைந்தது. கட்டுப் பிரித்தபோது கை தமிழ் எழுத்து 'ட' மாதிரி நின்றுவிட்டது. காமராஜ் அண்ணன் டாக்டரிடம் பேசி, கை நேராகிற வரைக்கும் இவ்வளவு என்று பணத்தை மொத்தமாகப் பேசி முடித்துவிட்டார். அப்படித்தான் மதியம் தோறும் அக்காவிடம் வர ஆரம்பித்தேன்.

அக்கா என் முழங்கையைத் தொட்டதும் முதலில் கேட்டது வலிக்கிறதா என்று இல்லை. "நீ என்ன வேலை பாக்க?" என்று கேட்டார். மெக்கானிக் என்றதும் அக்காவுக்குப் பேச்சு சுலபமாகிவிட்டது. முழங்கை என்பது கதவுக் கீல், ஒரே பக்கம்தான் திறக்கும். இடுப்பு ஆழமான கிண்ணத்துக்குள் பந்து, லேசில் கழலாது. தோள்பட்டையும் பந்துதான், ஆனால் அதற்கு ஆண்டவர் கிண்ணம் கொடுக்கவில்லை, தட்டுதான் கொடுத்தார். அதனால்தான் எல்லாப் பக்கமும் சுற்றுகிறது, அதனால்தான் எல்லாரும் தோள்பட்டை வலிக்கிறது என்று வருகிறார்கள். எலும்பு முனையில் வழுவழுப்பாக ஒரு பூச்சு, நடுவில் கொஞ்சம் எண்ணெய். "ஓடுற வரைக்குந்தான் எண்ணெய் ஊறும். நிறுத்திப்போட்ட வண்டி மாதிரி நிறுத்திப்போட்ட மூட்டும் இறுகிரும்லே" என்றார். பள்ளிக்கூடத்தில் எவரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் அன்றைக்கு லீவு போட்டிருப்பேன்.

அக்காவிடம் வருகிறவர்களில் எனக்குப் பிடித்தவர் கண்ணுச்சாமி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர். வாணலியில் பால் கொதித்துச் சுண்டிக் கோவாவாகிற வரைக்கும் நீளக் கரண்டியால் விடாமல் கிண்ட வேண்டும், விட்டால் அடிப்பிடிக்கும். வருஷக்கணக்காக ஒரே திசையில் சுற்றிச் சுற்றி, வலது தோள் ஒருநாள் பூட்டிக்கொண்டுவிட்டது. சட்டை மாட்டுவதற்கே வீட்டில் ஆள் வேண்டும். அக்கா அவரைக் குனியவைத்து, கையைத் தொங்கவிட்டு, வட்டம் போடச் சொன்னார். இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம். "வீட்டுலயும் செய்யுங்க. மறக்காம மாத்திச் சுத்தணும்" என்றார்.

மனுஷன் மறக்கவில்லை. வீட்டில் நேரம் கிடைக்காததால் வேலையிடத்திலேயே, வாணலியிலேயே, மாத்திச் சுற்றினார். பழகாத திசையில் கை போனதில் கரண்டி அடியைத் தொடவில்லை. ஒரு வாணலி கோவா அடிப்பிடித்தது. முதலாளி கத்தியதை அவர் சொல்லும்போது குரலில் வருத்தமே இல்லை. "ஆனா யம்மா, தோளு கொஞ்சம் எளகின மாதிரித்தான் இருக்கு" என்றார். கருகின கோவாவில் ஒரு பொட்டலம் அக்காவுக்குக் கொண்டுவந்திருந்தார். அறையில் இருந்த எல்லாரும் தின்றோம். அக்கா சிரித்து நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே "அடுத்த ஆள வரச் சொல்லு" என்றார்.

அக்காவிடம் ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில் உண்டு. அதைப் பேஷண்ட் கையில் கொடுத்து, "ஒங்க பிடிமானம் எப்படியிருக்குனு பாப்போம், இதத் தொறங்க" என்பார். கைவலிக்காரர்கள் திறப்பார்கள். தோள்வலிக்காரர்கள் திறப்பார்கள். நானும் திறந்திருக்கிறேன். ஒருநாள் செல்லத்தாய் என்று சத்திரப்பட்டியிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். பேண்டேஜ் துணித் தறியில் வேலை, நின்று நின்று இரண்டு முட்டும் வீங்கியிருந்தன. அவர் கையிலும் பாட்டில் வந்தது.

"எனக்கு முட்டுல்லா வலிக்கு. கைக்கு என்ன?" என்று கேட்டார் செல்லத்தாய்.

"எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்ததுதான். தொறங்க."

திறந்து கொடுத்தார். அக்கா வாங்கி ஒரே மூச்சில் பாதிப் பாட்டிலைக் குடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது பரிசோதனை இல்லை, தாகம்.

அதற்கப்புறம் நான் அக்காவின் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். சாவியைக் கட்டைவிரலால் பிடிப்பதில்லை, நாலு விரலுக்குள் வைத்துத் திருப்புவார். பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் சொருகி எழுதுவார். முதுகை அமுக்கும்போது விரலை விட்டுவிட்டு முழங்கையை ஊன்றுவார், சில சமயம் முஷ்டியை. சாப்பாட்டு டப்பாவை மேஜை விளிம்பில் தட்டித் திறப்பார். நான் கிளம்பும்போது யாருக்கும் தெரியாமல் பாட்டில் மூடியை ஒரு சுற்று தளர்த்தி வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். ஒருநாள் அது பைக்குள் கவிழ்ந்து, சீப்பு, பஸ் பாஸ், கர்ச்சீப் எல்லாம் நனைந்தன. அக்கா யாரையும் திட்டவில்லை. என்னை மட்டும் செத்த நேரம் பார்த்தார்.

கட்டைவிரலுக்கு என்ன என்று நேராகவே கேட்டுவிட்டேன். அக்கா எழுந்து ("ஸ்தோத்திரம்") எலும்புக்கூட்டின் கையைப் பிடித்துக் காட்டினார்.

"இந்தா, கட்டைவிரல் வேர்ல பாரு. குதிரை மேல சேணம் வச்ச மாதிரி ஒரு எலும்பு மேல இன்னொண்ணு உக்காந்துருக்கா? முன்ன பின்ன சாயும், பக்கவாட்டுல சாயும். மத்த நாலு விரலுக்கும் இந்தச் சொகுசு கெடையாது. இது எதுக்க வந்து நிக்கதாலதான் மனுசன் ஊசியும் பிடிக்கான், ஒன்ன மாதிரி ஸ்பேனரும் பிடிக்கான். நா இத வச்சு ஊரு முதுகப் பூராம் அமுக்கித் தீத்துட்டேன். சேணம் தேஞ்சு போச்சு."

கீழேதான் எலும்பு டாக்டர் இருக்கிறாரே, காட்டினால் என்ன என்றேன்.

"காட்டுனா ரெஸ்ட் எடுங்கம்பாரு. நானும் அதத்தான் எல்லாருக்கும் சொல்லுதேன். நா ரெஸ்ட் எடுத்தா அந்தத் தம்பி வந்துருவான். வந்தா பொறவு போவானா?"

அந்தத் தம்பி என்றால் கௌதம்ராஜ். படித்து முடித்துவிட்டுச் சனிக்கிழமைகளில் பழகுவதற்காக வந்துகொண்டிருந்தான். நல்ல பையன்தான். கட்டைவிரல் இரண்டும் புதுசு.

கைக்கு ஒத்தடம் கொடுக்க அந்த அறையில் ஒரு மெழுகு மெஷின் இருக்கிறது. சின்னத் தொட்டி, உள்ளே மெழுகு உருகிக் கண்ணாடி மாதிரி நிற்கும். கையை முக்கி எடுத்தால் வெள்ளையாக ஒரு உறை பிடிக்கும். மறுபடி முக்கினால் அதன் மேல் இன்னொரு உறை. அப்படியே துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் சூடு மெதுவாக மூட்டுக்குள் இறங்கும். பேஷண்ட் இல்லாமல் அதைப் போடக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. என் முழங்கைக்கு மெழுகு பூச வேண்டியிருந்ததால் மதியம் மெஷின் ஓடியது. அக்கா ஒரு பிரஷ்ஷால் என் கைக்குப் பூசிவிட்டு, துண்டு சுற்றிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தன் வலது கையை உள்ளே விடுவார். கண் தானாக மூடிக்கொள்ளும். அந்த அரை மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் மெழுகுக் கையோடு, பேசாமல், எலும்புக்கூடும் சேர்த்தால் மூன்று பேர், சும்மா உட்கார்ந்திருப்போம். காலையிலிருந்து இரவு வரை அக்கா யாரையும் தொடாமல் இருந்த நேரம் அதுதான்.

அதனால்தான் என் கை சரியானதை நான் சொல்லவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு கையாலும் வீல் நட்டு கழற்றிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிப் படியில் கடைசிப் படி வரும்போது முழங்கையை மடக்கிக்கொள்வேன். அக்கா கோணம் பார்க்கிற பிளாஸ்டிக் ஸ்கேலை வைக்கும்போது கொஞ்சம் நீட்டி, "ஆ" என்று முகத்தைச் சுளித்து, அங்கேயே நிறுத்திவிடுவேன். முகம் சுளிப்பதில் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே நல்ல பழக்கம். அக்கா ஸ்கேலைப் பார்த்துவிட்டு, "இன்னும் வரமாட்டேங்குதே" என்று சொல்லி மெழுகு மெஷினைப் போடுவார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கெடுத்தது கண்ணுச்சாமியின் நல்ல மனசு. டாக்டர் சௌந்தரபாண்டியன் காலை முழுவதும் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார், மாடிக்கு வருவதே அபூர்வம். ஒருநாள் வந்தார். தோள் எப்படி இருக்கிறது என்று கண்ணுச்சாமியிடம் கேட்டார். கண்ணுச்சாமி அக்காவைப் புகழ்ந்து தள்ளிவிட வேண்டும் என்று எழுந்து நின்றே சொன்னார்: "முன்னெல்லாம் அம்மா கை வச்சா உசிரு போயிட்டு வரும் சார். இப்ப பூ வச்ச மாதிரி இருக்கு. தொடுதது தெரியவே மாட்டேங்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. அக்காவின் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். இவன் இன்னுமா வருகிறான் என்று கேட்டார். என் கையைப் பிடித்து நீட்டிப் பார்த்தார். நான் பழக்கதோஷத்தில் "ஆ" என்றேன்.

அதற்கப்புறம் அவர் அக்காவிடம் பேசியதைத் திரைக்கு இந்தப்பக்கம் இருந்து கேட்டேன். அதட்டலாகப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இந்த வயசுப் பையனுக்கு இவ்வளவு நாளில் முழங்கை நேராகியிருக்க வேண்டும், வரவர அக்கா அமுக்குவதில் பலம் குறைந்துவிட்டது என்று மற்றவர்களும் சொல்கிறார்கள், திங்கட்கிழமை தானே வந்து பார்ப்பேன் என்றார். அன்றைக்கும் நேராகாவிட்டால் எனக்கு மயக்கம் கொடுத்துக் கையை மடக்கி நீட்டிவிடுவதாக ஏற்பாடு. கடைசியாகச் சொன்னது மட்டும் அப்படியே நினைவில் இருக்கிறது: "பொறவு அந்தத் தம்பியவே டெய்லி வரச் சொல்லிருவோம்மா. நீங்களும் எம்புட்டு நாள் அலைவீங்க."

அக்கா "சரிங்க சார்" என்றார். என்னுடைய குற்றத்துக்கு அக்கா சொன்ன சரி அது. அன்றைக்கு மெழுகு மெஷினைப் போட்டும் அக்கா கையை விடவில்லை. எனக்குப் பூசிவிட்டு, இடது கையால் வலது கட்டைவிரலின் வேரைப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

என் கை மடங்கியிருந்தால் அக்காவுக்கு மெழுகு கிடைக்கும், வேலை போகும். நேரானால் வேலை நிலைக்கும், மெழுகு போகும். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு எத்தனையோ வண்டி வந்திருக்கிறது, இப்படி ஒன்று வந்ததில்லை.

திங்கட்கிழமை டாக்டர் வந்தார். கண்ணுச்சாமி கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். செல்லத்தாய் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் கையை நீட்டியதும் நான் பின்வாங்கி, "சார், அக்கா ஒருக்க பிடிச்சு விடட்டும், அவிய பிடிச்சாத்தான் கொஞ்சம் எளகும்" என்றேன். டாக்டர் தலையாட்டினார். அக்கா என் மணிக்கட்டை ஒரு கையால் பிடித்து, முழங்கைக்கு மேலே இன்னொரு உள்ளங்கையை வைத்தார். விரலில் பலமே இல்லை. துரு ஏறிய போல்ட்டுக்கு எண்ணெய் விட்டுச் சுற்றினால் எப்படி முதலில் முரண்டு பிடித்து, அப்புறம் முனகி, அப்புறம் வழிக்கு வருமோ, அப்படி நான் என் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். நடுவில் இரண்டு இடத்தில் நின்றேன். கண்ணில் தண்ணீர்கூட வரவழைத்தேன். கடைசியில் கை அடிஸ்கேல் மாதிரி நேராக நின்றது.

"பாத்தீகளா சார், பூ வச்ச மாதிரி" என்றார் கண்ணுச்சாமி கயிற்றில் தொங்கியபடியே.

டாக்டர் ஸ்கேலை வாங்கித் தானே வைத்துப் பார்த்தார். மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். "இந்தக் கையை இம்புட்டு நாள் எங்கம்மா வச்சிருந்தீங்க?" என்று அக்காவிடம் கேட்டுவிட்டு, தம்பி பழையபடி சனிக்கிழமை மட்டும் வரட்டும் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

செல்லத்தாய் கை தட்டினார். அக்கா தட்டவில்லை. உட்கார்ந்தார். "ஆண்டவரே" என்று சொல்லக்கூட மறந்துவிட்டார். இரண்டு விரலிடுக்கில் பேனாவைச் சொருகி என் சீட்டில் சரியாகிவிட்டது என்று எழுதினார். "இனி நீ வர வேண்டாம். வண்டியில வித்தை காட்டாம இரு. அடுத்த ஆள வரச் சொல்லு" என்றார். நான் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். மெழுகு மெஷினின் சிவப்பு விளக்கு எரியவில்லை.

ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் கண்ணுச்சாமியைப் பார்த்தபோது அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இப்போதெல்லாம் தோளை அமுக்குகிற நேரத்தில் அக்கா பல்லைக் கடிக்கிற சத்தம் தனக்குக் கேட்கிறது என்றார். மதியம் சாப்பிட்டதும் சாப்பிடாததுமாக அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறாராம். "எனக்கே பாவமா இருக்குலே. வலிக்குதுனு நா சொல்லணும், அவிய மொகத்தப் பாத்தா அவியளுக்குத்தான் வலிக்க மாதிரி இருக்கு" என்றார்.

மறுநாள் மதியம், வலது மணிக்கட்டில் சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணியைச் சுற்றிக்கொண்டு, புதுசாக ஒரு டோக்கன் வாங்கி, மெதுவாகப் படியேறினேன். விசில் அடிக்கவில்லை.

"என்னலே?" என்றார் அக்கா.

"மணிக்கட்டு யக்கா. செயின இழுக்கயில பிசகிருச்சு. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. சூடு காட்டுனா நல்லாருக்கும்னு தோணுது."

அக்கா என்னைப் பார்த்தார். காலை முழுவதும் நின்று களைத்த கண்கள் அவருக்கு. மெஷின் சுவிட்சைத் தட்டிவிட்டு, மெழுகு உருகட்டும், உட்கார் என்றார். செல்லத்தாயின் இரண்டு முட்டும் முடிந்தன. கண்ணுச்சாமியின் தோள் முடிந்தது. இரண்டு பேரும் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் கட்டை அவிழ்த்து, மணிக்கட்டைத் தலையணை மேல் வைத்தார். ஒரு கைக்குள் இருபத்தேழு எலும்பு இருக்கிறது, அதில் எட்டு மணிக்கட்டில் கூழாங்கல் மாதிரி நெருங்கிக் கிடக்கிறது, எந்தக் கல் புரண்டது என்று பார்க்க வேண்டும் என்றார்.

"கண்ண மூடு. பாத்துக்கிட்டே இருந்தா பயத்துலயே வலிக்கும். நா ஒவ்வொரு எடமா அமுக்குதேன். வலிக்கிற எடத்துல சொல்லு."

மூடினேன். மின்விசிறி சத்தம். கீழே ரோட்டில் ஒரு லாரி போனது. நாற்காலி நகர்ந்தது. அக்கா அமுக்க ஆரம்பித்திருப்பார் என்று கணக்குப் போட்டேன். கையில் ஒன்றும் தெரியவில்லை. அவர் விரலில் இப்போது எவ்வளவு பலம் மிச்சம் என்று எனக்குத் தெரியும். தொடுவதே தெரியவில்லை என்று என் வாயால் சொல்ல மனசு வரவில்லை. போன தடவை அதைச் சொன்னவரால் என்ன ஆனது என்று பார்த்தாகிவிட்டது. அவர் நன்றாகவே அமுக்குகிறார் என்று அவருக்குத் தெரியட்டும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆ... யக்கா, மெல்ல, மெல்ல, அங்கதான்" என்றேன்.

"ஏலே பேச்சிமுத்து" என்றார் அக்கா. "நா இன்னும் ஒங் கையத் தொடவே இல்ல."

கண்ணைத் திறந்தேன். அக்காவின் வலது கை மணிக்கட்டு வரை மெழுகுக்குள் இருந்தது.